கரையில் நிற்கிற ஆள்

ஏலக்காரம்மாவின் குரல் பாதியில் நின்றுபோனதைப் பற்றிப் பேசி முடிக்க ஊருக்கு ஒரு வாரம் போதவில்லை.

மீன் இறங்குதளத்தில் அந்தக் குரல் நின்று யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலோடு வந்து ஏலம் விட்டிருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்த மாதமே வந்து நின்றிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் பெரிய மகன் போன படகு திரும்பாமல் போனபோதுகூட, ஒரு கண் கடல் மீதும் ஒரு கண் கூடை மீதுமாக நின்று விலை கூவியிருக்கிறாள். அப்படிப்பட்டவளைப் போன வாரம் படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக் ஒரே வரியில் ஊமையாக்கிவிட்டார்.

பாவம், அவர் காதோடு சொல்லத்தான் வந்தார். "இந்த இரைச்சல்ல என்ன கேக்கும், சத்தமாச் சொல்லு தம்பி" என்றது அவள்தான். அவரும் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"உங்க மருமகளை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களாம்மா?"

தலையில் கூடையோடு போனவர்கள் அப்படியே நின்றார்கள். ஐஸ் வண்டிக்காரன் வண்டியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். ஏலக்காரம்மா எதிரே குவிந்து கிடந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதைப் பற்றிப் பெரிய மகனின் மனைவியான அந்த மருமகளிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளும் கேட்கவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா, இளைய மகன் சின்னவன் சாப்பிட்டானா, விளக்கை அணைத்தாயா என்ற அளவில் அந்த வீட்டின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலையும் அப்படித்தான் தொடங்கியது.

சமையலறைக் கதவு உப்புக் காற்றில் ஊறி உப்பியிருந்தது. மருமகள் காலால் ஓர் உதை கொடுத்துத்தான் திறந்தாள்.

"இந்தக் கதவை இழைக்கணும் அத்தை. தச்சரை வரச் சொல்லவா?"

"பெரியவன் வந்து பாத்துக்குவான்."

மூன்று வருடமாக ஏலக்காரம்மா இப்படித்தான் பேசுகிறாள். பெரியவன் வந்ததும் கூரையை மாற்றுவான், பெரியவன் வந்ததும் தம்பிக்குப் பெண் பார்ப்பான். உடல் கிடைக்கவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஆகவே, அவளைப் பொறுத்தவரை அவன் இன்னும் வர வேண்டியவன்.

மருமகள் அதை ஒரு நாளும் திருத்தியதில்லை. பெற்றவர்கள் வந்து கூப்பிட்டபோதும் போகாமல், பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் மாமியாருக்குத் துணையாக இருந்துவிட்டவள் அவள். இன்று ஏனோ கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"டீ ஆறுது. குடி."

"மெக்கானிக் விஷயம்..."

"சின்னவன் விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயிட்டான். காத்து சரியில்ல. எனக்கு அந்தக் கவலையே போதும். நீ வேற."

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? மருமகள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஏலக்காரம்மா வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். ஒரு செருப்பு மாட்டியது, இன்னொன்று மாட்டவில்லை. முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"நான் சரின்னு சொன்னா, என் புள்ள செத்துட்டான்னு நானே என் வாயால சொன்ன மாதிரி ஆயிடும். என்னால ஆகாதும்மா. உனக்குப் போகணும்னா போ. என்னைக் கேக்காத."

"நீங்க சொல்லாம நான் எப்படி அத்தை போவேன்?"

செருப்புச் சத்தம் மட்டும் தெருவில் இறங்கிப் போயிற்று.

மருமகளுக்கு வேலை ஐஸ் கம்பெனியில். பாளம் பாளமாக வரும் ஐஸை அரைக்கும் இயந்திரத்தருகே நிற்க வேண்டும். அந்த இயந்திரம் மாதத்துக்கு ஒரு தடவையாவது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அதைச் சரி செய்யத்தான் மெக்கானிக் முதலில் வந்தார். மனைவியை நோய்க்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்தால், "இப்ப ஓட்டிப் பாருங்க" என்பார். ஓடினால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

மெக்கானிக்குக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஊர் சிரிக்கும். கரையோரம் கட்டிப்போட்ட படகில் ஏறினாலே அவருக்கு முகம் வெளுத்துவிடும். இன்ஜினைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கி வரச் சொல்வார். மீன்பிடிக்கிற ஊரில் கடலுக்குப் பயந்த மெக்கானிக் என்றால், ஆட்டுக்குப் பயந்த கசாப்புக்கடைக்காரர் மாதிரி என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மருமகளுக்கு அதுதான் பிடித்தது. இவர் கரையில் நிற்கிற ஆள். இவருக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. காற்று மாறினால் கரைக்கு ஓட வேண்டியதில்லை. அவர் சிரித்தபோதோ பேசியபோதோ அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் படகில் ஏற மாட்டேன் என்று நாலு பேர் நடுவில் வெட்கமில்லாமல் சொன்னார் பாருங்கள், அன்றைக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

பத்து மணி வாக்கில் ஐஸ் கம்பெனி மேஸ்திரி ஓடி வந்தார்.

"ஏம்மா, மிஷினை நிறுத்து. உன் கொழுந்தன் போட் முகத்துவாரத்துக்கு வெளியில நிக்குதாம். இன்ஜின் எடுக்கலையாம்."

அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்த மறந்து ஓடினாள்.

ஊரில் பாதி, கடலோரக் கல்சுவர் மேல் நின்றது. அந்தச் சுவர் வருவதற்கு முன்னால் இந்தக் கரைக்கு வேறு முகம் இருந்தது. படகுகளை மணலில் இழுத்துப் போடுவார்கள். கடல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து ஒரு தெருவையே விழுங்கியது. ஏலக்காரம்மா பிறந்த வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. "எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னா நீந்தித்தான் போகணும்" என்று அவள் வேடிக்கையாகச் சொல்வாள். பிறகு பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். மிச்சமிருந்த தெருக்கள் பிழைத்தன. ஆனால் கடல் சும்மா இருக்குமா? வீடுகளை விட்டுவிட்டு, படகுகள் வந்து போகிற வழியான முகத்துவாரத்தைப் பிடித்துக்கொண்டது. மணல் மூடி மூடி, தண்ணீர் வற்றும் நேரத்தில் பெரிய படகுகள் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது.

இப்போது தண்ணீர் வற்றும் நேரம்.

சின்னவனின் விசைப்படகு வெளியே அலைகளுக்கு நடுவில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. காற்று அதைக் கல்சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ வைத்திருந்த வயர்லெஸ் பெட்டியில் அவன் குரல் கரகரத்தது.

"நங்கூரம் பிடிக்கல. இழுபடுது. நாங்க அஞ்சு பேர் இருக்கோம்."

பெரிய படகுகள் போக வழியில்லை. சின்ன ஃபைபர் படகுகள் போகலாம். ஆனால் அவற்றால் விசைப்படகை இழுக்க முடியாது. ஒரு படகு போய்க் கயிறு கட்டி இழுத்துப் பார்த்ததில் கயிறுதான் அறுந்தது. படகை விட்டுவிட்டு ஏறி வர அந்த ஐந்து பேரும் ஒப்பவில்லை.

சுவரை ஒட்டிய மணலில், முழங்கால் தண்ணீரில் ஏலக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். மருமகள் போய் அவள் கையைப் பிடித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் தொட்டது அப்போதுதான்.

"மேல வாங்க அத்தை."

"இரு. இங்க நின்னா தெரியுது."

மெக்கானிக் பையோடு வந்து சேர்ந்தார். வயர்லெஸை வாங்கிக் கேட்டார்.

"டீசல் லைன்ல அடைச்ச காத்தை எடுத்துப் பாத்தியா?"

"பாத்தாச்சுண்ணே. மறுபடி மறுபடி எடுக்கறேன். டீசலே வர மாட்டேங்குது."

"பம்பு அடைச்சிருக்கும். கழட்டத் தெரியுமா?"

சின்னவன் குரல் இறங்கியது.

"தெரியாதுண்ணே."

மெக்கானிக் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கல்சுவருக்கும் படகுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு ஃபைபர் படகுக்காரனிடம், "என்னை அதுல ஏத்திவிட முடியுமா?" என்றார்.

"உனக்கா? அங்க போய் நீ வாந்தி எடுப்பியா, பம்பைக் கழட்டுவியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வழக்கமான கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கேட்டவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டையும் பண்ண வேண்டியதுதான்" என்றார் மெக்கானிக்.

படகில் கால் வைப்பதற்கு முன் அவர் மருமகளைப் பார்த்தார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவளால் சொல்ல முடியவில்லை. போங்க என்று சொன்னால் இவரை அனுப்பியவள் ஆவாள். போகாதீங்க என்று சொன்னால் அங்கே அண்ணி அண்ணி என்று சுற்றி வந்த பிள்ளை இருக்கிறான்.

ஏலக்காரம்மாதான் பேசினாள்.

"தம்பி, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா."

அவள் பக்கத்தில் நின்றவனின் மிதவைச் சட்டையைக் கழற்றி வாங்கினாள். மெக்கானிக்கின் தலைவழியாக மாட்டினாள். நாடாவை இழுத்து, இழுத்து, அவருக்கு மூச்சு முட்டும்வரை இறுக்கி முடிச்சுப் போட்டாள். தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள்.

ஃபைபர் படகு அலைகளுக்குள் போயிற்று. ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் மறையும். ஒவ்வொரு தடவை மறையும்போதும் மருமகளின் நகங்கள் மாமியாரின் கையில் பதிந்தன. விசைப்படகின் பக்கத்தில் போய் முட்டியதும், மேலேயிருந்து நாலு கைகள் அவரை மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கி உள்ளே போட்டன.

அப்புறம் காத்திருப்பதுதான்.

படகு நகர்ந்துகொண்டே இருந்தது. சுவர் மேல் நின்றவர்கள் முதலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டார்கள். படகில் இருப்பவர்களின் சட்டை நிறம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. நீளக் கம்புகளை எடுத்துப் பாறையில் ஊன்றித் தள்ளத் தயாராகப் படகின் விளிம்பில் இரண்டு பேர் நின்றார்கள். அலை ஒன்று பாறையில் மோதிச் சிதறி எல்லாரையும் நனைத்தது.

ஏலக்காரம்மா திரும்பி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், இதே மணலில், இதே முகத்தோடுதான் இவள் நின்றாள். அன்று ஒருவனுக்காக நின்றாள். இன்று இரண்டு பேருக்காக நிற்கிறாள்.

விசைப்படகின் பின்னாலிருந்து கறுப்பாக ஒரு புகை எழுந்தது. அது நின்றது. மறுபடி எழுந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. இன்ஜின் சத்தம் அலைச் சத்தத்தைத் தாண்டிக்கொண்டு வந்தது. படகு மெதுவாக மூக்கைத் திருப்பி, சுவரை விட்டு, ஆழத்தை நோக்கி நகர்ந்தது.

சுவர் மேல் இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மருமகள் மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் ஏறியதும், மதியத்துக்கு மேல்தான் படகு உள்ளே வந்தது. அதுவரை மெக்கானிக் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, நேற்று சாப்பிட்டது முந்தாநாள் சாப்பிட்டது எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கரையில் இறக்கிவிட்டபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

ஏலக்காரம்மா சின்னவனைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அவன் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தானேடா. நீயும் போயிட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

சின்னவன் அசையவில்லை. மருமகள் தலையை நிமிர்த்தினாள். கூட்டத்தில் இதைக் கவனித்தவர்கள் யாரும் இல்லை; அவர்களுக்கு அது ஒரு தாய் சொல்கிற சாதாரணச் சொல். அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரியும். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள். மகனின் சட்டையைப் பிடித்தபடியே ஏலக்காரம்மா மெல்ல வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்? வந்த சொல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அவள் அப்படியே சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலையில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. மருமகள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் சொன்னது கேட்டுச்சா?" என்றாள் மாமியார்.

"கேட்டுச்சு அத்தை."

"நான் வேணும்னு சொல்லல. தானா வந்துடுச்சு."

"தெரியும்."

"அவன் வரமாட்டான்ல?"

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். கேட்கப்பட்டபோது பதில் தேவைப்படவில்லை. இருவரும் சேர்ந்து அழுதார்கள். அன்றைக்கு அழ வேண்டியதை இன்றைக்கு அழுதார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏலக்காரம்மா நிமிர்ந்தாள். குரல் கொஞ்சம் பழையபடி ஆகியிருந்தது.

"அந்தத் தம்பிகிட்டப் போய்ச் சொல்லிடு. எனக்குச் சம்மதம்."

"நீங்க சம்மதிச்சிட்டீங்க. என்னை யாரும் கேக்கலையே அத்தை."

ஏலக்காரம்மா விழித்தாள்.

"என்னடி இது? காலையில நீதானே பேச்சை ஆரம்பிச்ச?"

"காலையில அவர் கரையில நிக்கிற ஆளா இருந்தார். இப்ப இல்ல." மருமகள் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "இன்னொரு தடவை அந்த மணல்ல என்னால நிக்க முடியாது."

"என் புள்ளைக்காகத்தானேம்மா அந்தத் தம்பி போனான்."

"அதான் அத்தை. கோபப்படவும் முடியல."

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் பட்டறைக்குப் புறப்பட்டாள்.

மெக்கானிக் பட்டறைத் தரையில் படுத்திருந்தார். அசையாத தரை வேண்டும் என்று கட்டிலில்கூடப் படுக்கவில்லையாம். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

"சாப்டீங்களா?"

"சாப்பாடுன்னு சொல்லாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். இனிமே போவீங்களா?"

அவர் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் துடைக்க ஒன்றும் இல்லை.

"போக மாட்டேன்னு சொன்னா நீங்க சம்மதிப்பீங்கன்னு தெரியுது" என்றார். "ஆனா அங்க அஞ்சு பேர் நிக்கறப்ப, நான் இங்க நின்னு பாத்துட்டு இருக்க முடியாது. அப்படி நின்னா, அப்புறம் நீங்க என்னை நம்பி என்ன புண்ணியம்? தானாப் போக மாட்டேன். சத்தியமாப் போக மாட்டேன், அந்தக் கொடுமைய மனுஷன் அனுபவிப்பானா? ஆனா கூப்பிட்டாங்கன்னா போவேன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்ப ஆசைப்பட்டுத்தான் வந்திருந்தாள்.

"நான் யோசிக்கணும்" என்றாள்.

"யோசிங்க."

"ரொம்ப நாள் ஆகலாம்."

"நான் எங்கயும் போகல" என்றவர், என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெளியே வந்தால் எதிர்க்கடை நிழலில் ஏலக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். உப்புக் காய்ந்த சேலையைக்கூட மாற்றாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்."

"யோசிக்க என்ன இருக்கு இதுல? தங்கமான மனுஷன்."

"நீங்க ஒரு வாரம் யோசிச்சீங்களே அத்தை."

ஏலக்காரம்மா முறைத்தாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுவில் ஒரு தடவை, "பெரியவனுக்கு அந்தத் தம்பிய ரொம்பப் பிடிக்கும்... பிடிச்சிருந்துச்சு" என்று மாமியார் தானாகவே திருத்திக்கொண்டாள். மருமகள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டில் சின்னவன் இருந்தான். கரையிலிருந்து வந்தவன் இன்னும் ஈரச் சட்டையை மாற்றவில்லை. அண்ணி வைத்துவிட்டுப் போன சாப்பாடு தொடப்படாமல் அப்படியே இருந்தது. கடல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட்டுட்டுப் படுடா" என்றாள் ஏலக்காரம்மா. "நாளைக்கு ஒரு நாள் போக வேணாம். உடம்பு ஆறட்டும்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நாளைக்கு மட்டும் இல்லம்மா" என்றான். "நான் இனிமே கடலுக்கே போகல."